முட்டி கார்டு முட்டியிலேயே நிற்க வேண்டும்: முதல் ரைடிங் பேன்ட் வாங்குவது எப்படி?

வாரத்துக்கு இரண்டு தடவையாவது போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறி, பூப்பாறை வழியாக சாந்தன்பாறை, ராஜாக்காடு பக்கம் பைக்கில் போய் வருகிறவன் நான். ஏலத்தோட்டக் கணக்கு வேலை. கிளம்பும்போது போடியில் வெயில் முதுகில் ஏறும், 17 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மெட்டுக்குப் போனால் மூடுபனி, செக்போஸ்ட் தாண்டி கேரளப் பக்கம் இறங்கினால் மழை. ஒரே காலையில் மூன்று பருவம். இந்த ரோட்டில் ஓட்டுகிற பையன்கள் இப்போது ஹெல்மெட் போடுகிறார்கள், பாதிப் பேர் ஜாக்கெட்டும் போடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே பார்த்தால் சாதாரண ஜீன்ஸ், சிலர் டிராக் பேன்ட்.

போன மாதம் என் சித்தி பையன் 350 சிசி வண்டி எடுத்தான். ஹெல்மெட், கிளவுஸ், ஜாக்கெட் எல்லாம் வாங்கிவிட்டான். "பேன்ட்டு எங்கடா?" என்று கேட்டால், "ஜீன்ஸே போதும்ணே, தடியாத்தான் இருக்கு" என்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சாதாரண ஜீன்ஸ் துணி ஓடுகிற வேகத்தில் தார்ச்சாலையில் உரசினால் ஒரு நொடிகூடத் தாங்காது. அது கிழிந்த பிறகு ரோட்டில் தேய்வது நம் தோல். அடி வாங்குவதிலோ ஜீன்ஸுக்கு எந்தப் பங்கும் இல்லை, முட்டிச்சில்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு பருத்தித் துணி, அவ்வளவுதான். நல்ல ரைடிங் பேன்ட் இரண்டு வேலை செய்கிறது. துணி தேய்மானத்தைத் தாங்குகிறது, முட்டியிலும் இடுப்பிலும் உள்ளே வைக்கிற கார்டு, அதாவது பாதுகாப்புத் தடுப்பு, அடியை வாங்குகிறது. இரண்டும் தனித்தனி வேலை என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

படி 1: எந்த ரோட்டுக்கு என்று முடிவு செய்யுங்கள்

மதுரை, திருச்சி என்று நாலு வழிச்சாலையில் மணிக்கு 90, 100 போகிறவருக்கு வேண்டியது வேறு, மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறுகிறவருக்கு வேண்டியது வேறு. மெட்டில் விழுகிற விழுகை பெரும்பாலும் மெதுவான வேகத்தில்தான். வளைவில் கிடக்கும் ஜல்லி, லாரி சிந்திய டீசல், மழைக்கு ரோட்டில் வந்து படிந்த சேறு, இதில் ஒன்றில் முன்சக்கரம் நழுவும், பக்கவாட்டில் சாய்வோம். முதலில் தரையைத் தொடுவது முட்டியும் இடுப்பெலும்பும். ஆகவே மலை ஓட்டுகிறவர் கார்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும், நெடுஞ்சாலை ஓட்டுகிறவர் துணியையும் அதே அளவு பார்க்க வேண்டும். இரண்டும் ஓட்டுகிறவர் (நம்மூரில் தேனியைத் தாண்டினால் எல்லாரும் அந்த வகைதான்) கூடுதல் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தத் துணி

தோல் பேன்ட் தேய்மானத்துக்கு மிக நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் போடியில் அதைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்க முடியாது, மழையில் நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும். நம் பக்கத்துக்கு வேண்டாம்.

மெஷ் பேன்ட் வலை மாதிரி ஓட்டை போட்ட துணி, காற்று உள்ளே புகும். வெயிலுக்கு இதுதான் சுகம். ஆனால் எல்லா இடமும் வலையாக இருக்கக் கூடாது. கடையில் பேன்ட்டை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். தொடையின் முன்பக்கம் வெளிச்சம் தெரியலாம், பரவாயில்லை. உட்காருகிற இடத்திலும், இடுப்பின் இரண்டு பக்கமும், முட்டியிலும் வெளிச்சம் ஊடுருவினால் அந்த பேன்ட்டை மடித்து அங்கேயே வைத்துவிடுங்கள். விழும்போது உரசுவது அந்த இடங்கள்தான்.

முழுத் துணி பேன்ட் நைலானிலோ பாலியெஸ்டரிலோ வரும். 500டி, 600டி என்று எழுதியிருப்பார்கள். டி என்றால் டெனியர், 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்கிற கணக்கு. எண் பெரிதாக இருந்தால் நூல் தடிமன், அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. 600 என்பதால் பாலியெஸ்டர் உசத்தி என்று நினைக்காதீர்கள், கோர்டுரா மாதிரி உறுதியான நைலான் 500லேயே அதைவிட நன்றாகத் தேய்மானம் தாங்கும்.

ரைடிங் ஜீன்ஸ் வெளியே பார்க்கச் சாதாரண ஜீன்ஸ், உள்ளே கெவ்லார் மாதிரி அராமிட் (தேய்மானம் தாங்கும் உறுதியான இழை) துணி வைத்துத் தைத்திருக்கும். ஆபீஸ் போகிறவர்களுக்கு வசதி. உள்துணி முட்டிக்கு மட்டும் இருக்கிறதா, பின்பக்கமும் இருக்கிறதா என்று பேன்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். மழைக்காலத்தில் இது கனத்துப்போகும், காயாது. மெட்டு ஏறுகிறவருக்கு இரண்டாவது பேன்ட்டாக இருக்கலாம், முதல் பேன்ட்டாக வேண்டாம்.

என் கணிப்பில் தேனி, கம்பம், செங்கோட்டை மாதிரி எல்லை ஊர்க்காரர்களுக்கு முதல் பேன்ட் என்பது தொடையில் மெஷ்ஷும் மற்ற இடத்தில் முழுத் துணியும் கலந்த வகைதான்.

படி 3: உள்ளே இருக்கிற லேபிளைப் படியுங்கள்

விற்கிறவர் "சிஇ சர்டிஃபைடு" என்பார், ஐரோப்பியப் பாதுகாப்புத் தரச் சான்று உண்டு என்று அர்த்தம். எது சர்டிஃபைடு என்று கேளுங்கள். பல பேன்ட்களில் உள்ளே இருக்கிற கார்டுக்கு மட்டும்தான் சான்று இருக்கும், துணிக்கு இருக்காது.

துணிக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 17092. இடுப்புப் பட்டைக்கு உள்ளே தைத்த லேபிளில் பைக் ஓட்டுகிற படமும் பக்கத்தில் எழுத்தும் இருக்கும். ஏஏஏ, ஏஏ, ஏ என்று இறங்கு வரிசை. அதிகம் உரசும் இடத்துத் துணியை ஏஏஏ-வுக்கு மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கும், ஏஏ-வுக்கு 70-க்கும், ஏ-வுக்கு 45-க்கும் ஈடாகச் சுழற்றித் தேய்த்துப் பார்க்கிறார்கள். பி என்று இருந்தால் தேய்மானச் சோதனை ஏ மாதிரியே, ஆனால் கார்டு இல்லாமல் சான்று வாங்கியது. மலைப்பாதைக்கு ஏ போதும், நெடுஞ்சாலையும் உண்டு என்றால் ஏஏ பாருங்கள். ஏஏஏ நம் வெயிலுக்குக் கனம், வாங்கினால் பீரோவில் தொங்கும்.

கார்டுக்கான தரம் வேறு, இஎன் 1621-1. கார்டை வெளியே உருவி எடுத்துப் பாருங்கள், அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். முட்டிக்கு கே, இடுப்புக்கு எச், பக்கத்தில் 1 அல்லது 2. ஐந்து கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கார்டின் மேல் போட்டு, அடியில் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள். லெவல் 1 என்றால் சராசரி 35 கிலோ நியூட்டனுக்குள், லெவல் 2 என்றால் 20-க்குள். முட்டிக்கு லெவல் 2 கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குங்கள்.

இடுப்புப் பாக்கெட்டில் கையை விட்டுப் பாருங்கள். சில பேன்ட்களில் அங்கே கார்டே இருக்காது, சிலவற்றில் எண் எதுவும் அச்சிடாத மெத்தைப் பஞ்சு இருக்கும். அதைக் கார்டு என்று நம்ப வேண்டாம், தனியாக எச் என்று போட்டது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

படி 4: வண்டியில் உட்கார்ந்து பாருங்கள்

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாலு வருடம் முன்பு என்னிடம் இருந்த பேன்ட் நல்ல துணி, லெவல் 2 கார்டு. ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தேன். கடைக்காரர் "லூசா இருந்தா காத்தோட்டமா இருக்கும்" என்றார், எனக்கும் சரியென்று பட்டது. மெட்டுக்கு இரண்டு வளைவு கீழே, காலை ஏழு மணி இருக்கும், வளைவின் உள்பக்கம் டீசல் சிந்தியிருந்தது பனியில் தெரியவில்லை. 25 கி.மீ. வேகம்கூட இருக்காது. இடது பக்கம் விழுந்தேன். பேன்ட் கிழியவே இல்லை. ஆனால் விழுந்த வேகத்தில் தொளதொளவென்று இருந்த துணி திருகிக்கொண்டது, கார்டு முட்டியை விட்டுக் காலின் வெளிப்பக்கம் போய்விட்டது. முட்டிச்சில்லு நேராகத் தடுப்புக்கல்லில் மோதியது. ஆறு வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தபோது அந்த கார்டு கீறல்கூட இல்லாமல் கெண்டைக்கால் பக்கத்தில் இருந்தது.

அதனால் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து பேன்ட் வாங்காதீர்கள். நிற்கும்போது சரியாக இருக்கிற கார்டு உட்கார்ந்ததும் மேலே ஏறிவிடும். உங்கள் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, காலை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, ஓட்டுகிற மாதிரியே உட்காருங்கள். வாசலுக்குப் போட்டுப் பார்க்க விடாத கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

உட்கார்ந்ததும் உள்ளங்கையை முட்டியில் வையுங்கள். கார்டின் குழிந்த நடுப்பகுதி முட்டிச்சில்லின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதன் கீழ்ப்பாதி கெண்டைக்காலின் முன்னெலும்பை மூட வேண்டும். மேலே ஏறித் தொடையில் நின்றால் பேன்ட்டின் உள்ளே கார்டுப் பையைத் திறந்து பாருங்கள், பல பேன்ட்களில் வெல்க்ரோவில் ஏற்றி இறக்க மூன்று நாலு சென்டிமீட்டர் இடம் விட்டிருப்பார்கள். இறக்கியும் வரவில்லையென்றால் அந்த பேன்ட்டின் கால் அளவு உங்களுடையது இல்லை.

அடுத்து, கார்டை வெளியிலிருந்து பிடித்து இடமும் வலமுமாகப் பலமாகத் திருகுங்கள். விரல் அகலத்துக்கு நகரலாம். முட்டியை விட்டு விலகினால் சைஸைக் குறையுங்கள், அல்லது முட்டிக்கு மேலும் கீழும் இறுக்கும் பட்டை இருக்கிற மாடலைப் பாருங்கள். என் சித்தி பையனுக்கு இடுப்பு 34, ஆனால் தொடை மெலிசு. முதல் இரண்டு பேன்ட்டில் கார்டு சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாவதில் முட்டிக்குக் கீழே ஒரு பட்டை இருந்தது, இழுத்து ஒட்டினோம், நான் எவ்வளவு திருகியும் அசையவில்லை. "கால புடிச்சு வச்ச மாதிரி இருக்குண்ணே" என்றான். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். அந்த அளவு இறுக்கம் போதும்.

அப்படியே பத்து நிமிடம் உட்காருங்கள், அவசரப்படாதீர்கள். முட்டிக்குப் பின்னால் துணி மடிந்து அழுத்துகிறதா? பின்னிடுப்பு இறங்கி முதுகு தெரிகிறதா? தொடை இடுக்கில் தடித்த தையல் எங்காவது குத்துகிறதா? கடையில் லேசாக உறுத்துவது பூப்பாறை போவதற்குள் புண்ணாக்கிவிடும். முட்டிக்கு மேலும் பின்னிடுப்பிலும் மடிப்பு மடிப்பாக விரிகிற துணி வைத்திருந்தால் உட்காரும்போது இழுக்காது. கடைசியாகக் காலடி: நிற்கும்போது சற்று நீளமாகத் தெரிகிற பேன்ட்தான் உட்கார்ந்தால் சரியாக ஷூவை மூடும்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் வீட்டிலேயே இதையெல்லாம் செய்யுங்கள், டேகைக் கிழிப்பதற்கு முன்னால்.

படி 5: மழை

ஜூன் பிறந்தால் மெட்டுக்கு அந்தப் பக்கம் மழைதான். பல பேன்ட்களில் உள்ளே பொருத்துகிற மழை லைனர் கொடுப்பார்கள். அது உடம்பை நனைய விடாது, சரி. ஆனால் வெளித்துணி முழுக்கத் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், ஈரக் காற்றில் கால் விறைக்கும். அதோடு, மழை வந்த பிறகு லைனரை மாட்டுவதற்கு ரோட்டோரத்தில் பேன்ட்டையே கழற்ற வேண்டும். மேலே போடுகிற மழை பேன்ட் தனியாக வாங்குங்கள், பக்கவாட்டில் முட்டி வரை ஜிப் திறக்கிற மாதிரி. ஷூவைக் கழற்றாமல் டீக்கடைத் திண்ணையில் நின்றே மாட்டிவிடலாம்.

வலது காலின் உள்பக்கம் சைலன்சரில் படும் வண்டியா என்று பாருங்கள். நைலானும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகும், அந்த இடத்தில் தோலோ சூடு தாங்கும் துணியோ வைத்துத் தைத்த பேன்ட்டாக இருக்க வேண்டும். மழை பேன்ட்டுக்கு அந்தப் பாதுகாப்பு அநேகமாக இருக்காது, அதன் அடிப்பக்கத்தைப் பட்டை போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: விலையும் மற்றவையும்

இந்தியாவிலேயே ரைனாக்ஸ், வயாடெரா, ராயல் என்ஃபீல்டு போன்றவர்கள் ரைடிங் பேன்ட் கொண்டு வருகிறார்கள். ஐந்தாயிரம் சுமாரில் தொடங்கிப் பதினைந்தாயிரத்தைத் தாண்டியும் போகும். பணம் குறைவென்றால் நிறைய ஜிப், பாக்கெட் வைத்ததை விட்டுவிட்டு நல்ல முட்டி கார்டு இருப்பதை எடுங்கள்.

முன் பாக்கெட்டில் சாவிக்கொத்து வைக்காதீர்கள். விழும்போது இடுப்பெலும்புக்கும் தரைக்கும் நடுவில் அது இருக்கும்.

உள்ளே பருத்தி பேன்ட் எதையும் போட வேண்டாம், வியர்வையைக் குடித்து ஒட்டிக்கொள்ளும். மெலிசான விளையாட்டு டைட்ஸ் போட்டால் கார்டு தோலில் உரசாது, கழற்றவும் எளிது.

படி 7: துவைப்பது

கார்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஜிப், வெல்க்ரோவை மூடி, மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் அலசுங்கள். பிளீச் வேண்டாம், நைலானையும் அராமிட்டையும் அது கெடுக்கும். நிழலில் உலர்த்துங்கள், கெவ்லார் வகைத் துணி வெயிலில் கிடந்தால் மஞ்சளாகி வலு இழக்கும். திரும்ப கார்டை வைக்கும்போது இடது வலது பார்த்து, குழிந்த பக்கம் முட்டியைப் பார்க்கிற மாதிரி வையுங்கள், வெல்க்ரோ முன்பு எந்த உயரத்தில் இருந்ததோ அங்கேயே ஒட்டுங்கள். நான் பையின் உள்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். துவைத்த பிறகு முதல் தடவை கிளம்பும்போது வண்டியில் உட்கார்ந்து, கையை வைத்து ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன்.