சண்டை இல்லாத மீன் தொட்டி: எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீன்களைத் தேர்வது எப்படி?

முதன்முதலாக மீன் தொட்டி வைக்கிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் மீன் வாங்குகிறார்கள். இதில் இரண்டு, அதில் இரண்டு என்று பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு மாதத்தில் பாதி செத்திருக்கும். மிச்சப் பாதி ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டடித் தொட்டியில் பத்து நியோன் டெட்ராவும் இரண்டு ஏஞ்சல் மீனும் விட்டேன். ஏஞ்சல்கள் அப்போது ஐந்து ரூபாய்க் குற்றி அளவுதான். நான்கு நியோன்கள் முதல் மாதமே வெக்கை தாங்காமல் போய்விட்டன. மற்ற ஆறும் பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தன. செத்த மீன் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒருநாள் விடியற்காலை லைட்டைப் போட்டால், பெரிய ஏஞ்சலின் வாய்க்கு வெளியே ஒரு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு இன்னும் மங்கவில்லை. ஏஞ்சலில் பிழை இல்லை. தன் ஊரிலும் அது சின்ன மீன் தின்கிற இனம்தான். இரண்டையும் ஒரே கண்ணாடிக்குள் அடைத்தது நான்.

அதனால் மீனைக் கடைசியில் பாருங்கள். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

முதல் படி: தண்ணீர் எப்படிப்பட்டது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இரண்டு விதமான தண்ணீர் பாவிக்கிறோம். ஒன்று கிணறு, மற்றது குழாய்.

கரையோர ஊர்களில், கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கமெல்லாம், மணலுக்குள் தோண்டிய கிணறுகள்தான் கூட. அந்தத் தண்ணீர் பல இடங்களில் கடினமாக இருக்கும். சோதிக்க ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கேத்திலுக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகச் செதில் படிந்திருந்தால், சவர்க்காரம் போட்டாலும் நுரை சரியாக வராவிட்டால், அது கடின நீர். வாயில் வைத்தால் உவர்க்கிறதா என்றும் பாருங்கள். கடினம் வேறு, உவர் வேறு. மீன் தேர்வில் இரண்டுக்கும் வேறு வேறு பதில்.

குழாய்த் தண்ணீர், மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வருவது, பொதுவாக மென்மையானது. ஆனால் அதில் குளோரின் இருக்கிறது. அப்படியே தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுள் வெந்துபோகும். வாயகன்ற பேசினில் ஒரு நாள் திறந்து வைத்து, காற்று மோட்டரின் குழாயையும் அதற்குள் போட்டுவிட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரம் என்றால் மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கும் திரவத்தைப் போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்குச் சேர்க்கலாம்.

கடின நீரில் கப்பியும் மொலியும் நன்றாக வாழும். நுளம்பு பெருகாமல் இருக்கக் கிணற்றுக்குள் விடும் அதே கப்பிதான். யாரும் பார்க்காமலே அது அங்கே பெருகுவதைக் கண்டிருப்பீர்கள். தண்ணீர் கொஞ்சம் உவர்த்தால் இவை இரண்டோடும் நின்றுகொள்ளுங்கள். மென்மையான தண்ணீர் கிடைப்பவர்களுக்குத்தான் டெட்ரா, ராஸ்போரா, சின்னக் கௌராமி எல்லாம்.

இரண்டாம் படி: வெக்கை

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஹீட்டர் வாங்க நினைக்காதீர்கள். எங்களுக்குப் பிரச்சினை மறுபக்கம். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று, வீசும் மாதங்களில் மத்தியானம் தொட்டித் தண்ணீர் 30, 31 பாகைக்குச் சர்வசாதாரணமாக ஏறும். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஒட்சிசன் குறையும். மீனுக்கோ சூட்டில் ஒட்சிசன் அதிகம் தேவை. மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒரு வெப்பமானியைத் தொட்டியில் ஒட்டி, மீன் வாங்குவதற்கு முன்பே ஒரு கிழமை காலையும் பின்னேரமும் பார்த்து எழுதுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நியோன் டெட்ராவுக்கு 26 பாகைக்குக் கீழேதான் சுகம். அதேபோல் தோன்றும் கார்டினல் டெட்ரா 28, 29 வரை தாங்கும். விலை கூடத்தான், ஆனாலும் எங்கள் ஊருக்கு அதுதான் சரி. கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

தொட்டியை ஜன்னல் வெயில் படாத, தகரக் கூரைக்குக் கீழே இல்லாத மூலையில் வையுங்கள். மிகவும் சூடான நாட்களில் மூடியை எடுத்துவிட்டு வலையைப் போட்டு மூடி, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி திருப்பிவிட்டால் இரண்டு பாகையாவது குறையும். ஐஸ் கட்டி போடாதீர்கள். சட்டென்று ஏறி இறங்கும் சூடுதான் மீனை நோயில் விழுத்தும்.

மூன்றாம் படி: தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இதற்குக் குறைய வேண்டாம். முழுதாக நிரப்பினால் 56 லீற்றர் வரும். மணல், கல் போக 50 லீற்றர் என்று வையுங்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் எந்த மீனுக்கும் வீடு அல்ல. அடியில் போடக் கடற்கரை மணல் அள்ளி வராதீர்கள்: உப்பும் சிப்பித் தூளும் தண்ணீரை மாற்றிவிடும். கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலை அரித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவிப் போட்டாலே போதும்.

நான்காம் படி: யாரோடு யார்?

இதுதான் முக்கியமான இடம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் வாயைப் பாருங்கள். ஒரு மீனின் வாய்க்குள் இன்னொன்று போகுமானால், ஒருநாள் போகத்தான் செய்யும். இன்றைய அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வளர்ந்த பிறகு என்ன அளவு என்று கேளுங்கள். ஏஞ்சல் கையகலம் வரும். கண்ணாடியைத் துப்புரவாக்கும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் விரல் நீளத்தில் வாங்கியது ஓரடியைத் தாண்டும். ஓஸ்கார் எல்லாவற்றையும் தின்னும்.

அடுத்தது செட்டை. டைகர் பார்ப் கெட்ட மீன் அல்ல, ஆனால் நீளச் செட்டையைக் கண்டால் கடித்து இழுக்காமல் விடாது. கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் இருக்கும் இடத்தில் அதை விடாதீர்கள். வேண்டுமானால் எட்டுப் பத்து டைகர் பார்ப்புக்கென்றே பெரிய தொட்டி வையுங்கள். தங்களுக்குள் ஓடிப் பிடித்துக்கொண்டு வடிவாக இருக்கும். ஆண் ஃபைட்டர் தனியே இருக்கட்டும். கப்பியின் வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும்.

மூன்றாவது, கூட்டம். கடையில் இரண்டிரண்டாக வாங்கும் பழக்கம்தான் தொட்டிகளில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் என்பேன். டெட்ரா, ராஸ்போரா, பார்ப், அடியில் மேயும் மீசை மீனான கொரிடோராஸ் எல்லாம் கூட்டமாக வாழும் மீன்கள். ஆறுக்குக் குறைந்தால் பயந்து மூலையில் ஒடுங்கும், அல்லது பயத்திலேயே மற்றதைக் கடிக்கும். ஐந்து இனத்தில் இரண்டிரண்டு எடுப்பதைவிட ஓர் இனத்தில் எட்டு எடுத்துப் பாருங்கள். எட்டு ராஸ்போராக்கள் ஒன்றாகத் திரும்பும்போது தொட்டியே திரும்புவது போல இருக்கும்.

பிறகு ஆண், பெண் கணக்கு. கப்பியிலும் மொலியிலும் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும். இல்லாவிட்டால் ஆண்கள் ஒரே பெண்ணைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். ஆனால் கப்பி கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை குஞ்சு போடும். ஆணைப் பிரித்த பிறகும் பல மாதங்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கும். குஞ்சு வளர்க்க இடமில்லை என்றால் ஆண் கப்பிகளை மட்டும் எடுங்கள். நிறமும் அவற்றில்தான் இருக்கிறது. சின்னக் கௌராமியில் ஓர் ஆண் போதும். இரண்டு ஆண் விட்டால் ஒன்று எப்போதும் செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, எந்த மட்டத்தில் நீந்துகிறது என்று பாருங்கள். கௌராமி மேலே, ராஸ்போரா நடுவில், கொரிடோராஸ் அடியில். இப்படிப் பிரிந்திருந்தால் ஒன்றின் வழியில் மற்றது குறுக்கிடாது. கொரிடோராஸைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். மீசையால் மணலைத் தடவித் தடவிப் போய், ஒரு தீனித் துண்டு அகப்பட்டால் கண் வரைக்கும் முகத்தைப் புதைக்கும். திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு திரும்பவும் கீழே வரும். பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு. கூரான கல் போட்டால் அந்த மீசை தேய்ந்துபோகும். உப்பும் அதற்கு ஆகாது.

ஐந்தாம் படி: இரண்டடித் தொட்டிக்கு என் தெரிவு

கடினமான, உவர்க்காத கிணற்றுத் தண்ணீருக்கு: எட்டு ஆண் கப்பி, அடியில் ஆறு வெண்கல நிறக் கொரிடோராஸ். உவர்த்தால் கப்பி மட்டும். மொலி பத்து சென்டிமீற்றர் வரை வளரும் என்பதால் மூன்றடித் தொட்டி இருப்பவர்கள் சேர்க்கலாம்.

மென்மையான குழாய்த் தண்ணீருக்கு: எட்டு ஹார்லெக்வின் ராஸ்போரா, ஆறு கொரிடோராஸ், ஒரே ஒரு ஆண் சின்னக் கௌராமி. இந்தக் கூட்டத்தைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன்.

உங்கள் வீடு குளிர்ச்சியாக, தண்ணீர் 27 பாகையைத் தாண்டாமல் இருந்தால், ராஸ்போராவுக்குப் பதில் செர்ரி பார்ப் எட்டு எடுங்கள். அது எங்கள் தீவுக்கே உரிய மீன். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகப் பிறந்ததில்லை. பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள், ஓடையில் பிடித்தது வேண்டாம்.

இன்னும் நான்கு மீன் கொள்ளுமே என்று தோன்றும். விடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். மோட்டர் நின்ற அந்த இரவுகளில் என் தொட்டியில் ஒரு மீனும் சாகவில்லை. காரணம் மீன் குறைவாக இருந்ததுதான். இடைக்கிடை எழும்பி ஒரு கோப்பையால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் படி: தொட்டியைப் பழக்குதல்

மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதைத் தின்று குறைந்த தீங்குள்ள பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் பில்டரில் உருவாக நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை வெறும் தொட்டியில் பில்டரை ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டுவாருங்கள். நன்றாக ஓடும் தொட்டி உள்ள நண்பர் இருந்தால், அவருடைய பில்டர் பஞ்சைப் பிழிந்த ஊத்தைத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றுங்கள். காத்திருப்பு குறையும். கழுவும்போது பஞ்சைக் குழாய்க்குக் கீழே பிடிக்காமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

ஏழாம் படி: கடையிலும் வீட்டிலும்

“எல்லாம் ஒண்டா இருக்கும் தம்பி, ஒண்டும் செய்யாது, கொண்டு போங்க” என்று கடைக்கார அண்ணன் சொல்வார். கடையில் எல்லாம் குஞ்சுகள், அதனால் அங்கே அது உண்மைதான். நீங்கள் எழுதிக் கொண்டுபோன பட்டியலை விட்டு விலகாதீர்கள். செட்டையை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் மீன், உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி உள்ள மீன், கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கும் மீன் வேண்டாம். அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தால் அதிலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டாம். கொஞ்சம் தீனி போடச் சொல்லி, தின்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை தொட்டித் தண்ணீரை அதற்குள் ஊற்றுங்கள். அரை மணித்தியாலம் ஆனதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் வரக்கூடாது. அன்று லைட்டும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் கொரிடோராஸ். பத்து நாள் கழித்து ராஸ்போரா. கௌராமி கடைசியில், முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஒரு மீன் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது தனித் தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள். வாவியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். வளர்க்க முடியாமல் விட்ட சக்கர் மீன் இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் ஏற்கனவே பரவியிருக்கிறது. வலையை வீசி மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த முள்மீன் வலையில் சிக்கினால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.