சர்வர் விழுந்தால் எங்கே எழுப்புவது? பேரிடர் மீட்புக்கு ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

2021 மார்ச் 10 அதிகாலையில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கும், சர்வர்களை வாடகைக்குத் தரும் (ஹோஸ்டிங்) ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் வளாகத்தில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதும் எரிந்துபோனது, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதி அழிந்தது. பேக்கப்புக்கு எனத் தனியாகப் பணம் கட்டியிருந்த சிலருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அந்த பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது.

பேக்கப் இருக்கிறதா என்று எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டால்தான் பதில் தடுமாறும்.

படி 1: முதலில் உங்கள் கணக்கு

எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலையும் திறப்பதற்கு முன்னால் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். சர்வர் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் வேலை மீண்டும் ஓட வேண்டும்? இதை ஆர்டிஓ என்பார்கள். கடைசியாகப் பதிவானதில் எத்தனை மணி நேரத் தரவு போனால் சமாளிக்க முடியும்? இது ஆர்பிஓ. நிமிடத்துக்கு நிமிடம் ஆர்டர் வரும் தளத்துக்கு ஒரு மணி நேரத் தரவு போவதே பெரிய அடி. மாதம் ஒருமுறை மாறும் தகவல் பக்கத்துக்கு ஒரு நாள் பழைய நகலே போதும். எல்லாவற்றுக்கும் 'உடனே வேண்டும், ஒன்றும் போகக்கூடாது' என்று எழுதினால் செலவு எகிறிவிடும். அதனால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

படி 2: இடம்

மாற்று சர்வர் வேறு ஊரில் இருக்க வேண்டும். வேறு கட்டடம் என்பது போதாது. ஒரே வெள்ளமோ ஒரே மின்தடையோ இரண்டையும் தொடாத தூரம் வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இரண்டும் ஒரே கணக்கில், ஒரே பாஸ்வேர்டில் இருந்தால், அந்தக் கணக்கு முடக்கப்பட்டாலோ திருடப்பட்டாலோ ஊர் தள்ளி வைத்தும் பயனில்லை. முடிந்தால் இரண்டாவது நிறுவனத்தையே பாருங்கள். வாடிக்கையாளர் தரவை நாட்டுக்கு வெளியே வைக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

படி 3: நகலெடுக்கும் விதம்

ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரில் நடக்கும் மாற்றம் உடனுக்குடன் இன்னொன்றிலும் பதிவாவது) இருந்தால் பேக்கப் தேவையில்லை என்று நம்புவது ஆபத்து. ரெப்ளிகேஷன் நீங்கள் செய்த தவறையும் அப்படியே அங்கே செய்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் இருந்த தரவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. தினசரி பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாகவே ஓடவில்லை. ஓடவில்லை என்று சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

ஆகவே நிறுவனத்திடம் கேளுங்கள்: பழைய நகல்கள் எத்தனை நாள் இருக்கும்? குறிப்பிட்ட காலம்வரை யாராலும், நிர்வாகியாலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி உண்டா? ரேன்சம்வேர் (தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள்) வந்தால் பெரும்பாலும் பேக்கப்பும் குறிவைக்கப்படும்.

படி 4: திரும்ப எடுக்கும் நேரமும் செலவும்

ஒரு சின்னக் கணக்கு. 1 டிபி தரவை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, வேகம் குறையாமல் ஓடினாலும் சுமார் 22 மணி நேரம் ஆகும். 1 ஜிபிபிஎஸ் என்றால் இரண்டே கால் மணி நேரம். உங்கள் ஆர்டிஓ நான்கு மணி நேரம் என்றால் முதல் இணைப்பு பேச்சுக்கே இடமில்லை. அப்புறம், உள்ளே அனுப்ப இலவசம், வெளியே எடுக்க ஜிபி கணக்கில் கட்டணம் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. பேரிடர் அன்று தரவு மொத்தமும் வெளியேதானே வர வேண்டும்? அந்த பில்லை இப்போதே போட்டுப் பாருங்கள்.

படி 5: ஒப்பந்தம்

99.9 சதவீதம் அப்டைம் (சர்வர் நிற்காமல் ஓடும் நேரம்) என்றால் ஆண்டுக்கு சுமார் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள். 99.99 என்றால் 53 நிமிடத்துக்குள். தவறினால் பெரும்பாலும் கிடைப்பது அடுத்த பில்லில் ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான். உங்கள் வியாபார நஷ்டத்தை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள். அதனால் இந்த எண்ணைவிட, நள்ளிரவில் ஆதரவுக் குழு எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்பதற்கே நான் அதிக மதிப்பு தருவேன். வாங்குவதற்கு முன்பே ஒரு நள்ளிரவில் அந்தக் குழுவுக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டுப் பாருங்கள்.

படி 6: ஒத்திகை

ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, முழு பேக்கப்பையும் புது சர்வரில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். அமைத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும், வேறொருவர் குறிப்பைப் படித்துச் செய்யட்டும். உங்கள் தளத்தின் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில், பழைய முகவரியை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பதைக் குறிக்கும் டிடிஎல் 86400 என்று இருந்தால், சர்வரை மாற்றிய பிறகும் சிலருக்கு ஒரு நாள்வரை பழைய முகவரியே தெரியும். முன்கூட்டியே 300 ஆக்கி வையுங்கள்.

அந்த மீட்புக் குறிப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். அதே சர்வரில் என்றால், சரி, இன்றே ஒரு பிரதி அச்சடித்துவிடுங்கள்.