கறள் தின்ற பாக்குவெட்டியும் ஒரு வாளிச் சோடாத் தண்ணீரும்

2008 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது அம்மா சில சாமான்களை உரப்பையில் கட்டி வளவுக்குள் புதைத்தார். திரும்பி வந்து தோண்டியபோது பித்தளைச் செம்பு பச்சை பிடித்திருந்தாலும் முழுதாக இருந்தது. அம்மம்மாவின் இரும்புப் பாக்குவெட்டிதான் கறள் மூடி ஒரே கட்டியாகிவிட்டது. அரத்தால் தேய்த்தால் நல்ல இரும்பும் சேர்ந்து போய்விடும் என்று பல வருடங்கள் அலுமாரிக்கு மேலே கிடந்தது. கடைசியில் அதை மீட்டது மின்பகுப்பு, அதாவது சோடாத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சிக் கறளைக் கழற்றும் முறை.

தொடங்குவதற்கு முன் ஒன்று. நாங்கள் புதைத்ததை நாங்களே எடுத்தோம். அது என்னவென்று தெரியும். வன்னி மண்ணில் கண்டெடுத்த, இன்னதென்று தெரியாத இரும்பு எதையும் கறள் எடுக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தொடாமல் விட்டுவிட்டுப் பொலிசாருக்குச் சொல்லுங்கள்.

தேவையானவை: பிளாஸ்டிக் வாளி, 12 வோல்ற்று பற்றரி சார்ஜர், சலவைச் சோடா, பழைய இரும்புக் கம்பிகள். வாளி உலோகமாக இருக்கக்கூடாது. சார்ஜர் பழைய காலத்துப் பாரமான வகையாக இருந்தால் நல்லது. சுவர் மின்சாரத்தை நேரே தண்ணீருக்குள் விட நினைப்பவர்கள் இத்துடன் வாசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். 230 வோல்ற்று ஆளையே கொல்லும்.

கம்பிக்கு வீட்டுத்திட்டக் காலத்தில் மிஞ்சிய கொங்கிறீற் கம்பியே போதும். நான்கு துண்டுகளை வாளியின் உட்சுவரோரம் நிறுத்தி, மேலே செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். எவர்சில்வர் கரண்டி கறள் பிடிக்காதே என்று அதைப் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுத் தண்ணீராகிவிடும். நாகம் (சிங்க்) பூசிய குழாயும் வேண்டாம்.

10 லீற்றர் தண்ணீருக்கு 3 மேசைக்கரண்டி சலவைச் சோடா. கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவைத் தாச்சியில் போட்டு நன்றாகச் சூடாக்குங்கள். நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறி அதுவே சலவைச் சோடாவாகிவிடும். பூநகரிப் பக்கம் போல உவர்க்கிணறு உள்ளவர்கள் மழைத்தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் எப்படி ஓடியது? உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். வாளிக்குள் உப்பைப் போட்டால் நீங்களும் ஒரு சின்னப் பரந்தனை நடத்துகிறீர்கள். குளோரீனை மூக்கால் வாங்குவீர்கள்.

இனி நான் விழுந்த பள்ளம். சார்ஜரின் பழைய கிளிப்புகள் எரிந்துபோனதால் வேறு இரண்டு பூட்டியிருந்தேன், இரண்டும் சிவப்பு. பாக்குவெட்டியைத் தொடுவதற்கு முன், கறள் பிடித்த 14 ஆம் இலக்க ஸ்பனர் ஒன்றில் சோதித்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். விரைவாக நடக்கட்டும் என்று ஒரு கை உப்பும் போட்டேன். இரவு முழுவதும் நன்றாக நுரைத்தது. காலையில் எடுத்தால் இலக்கத்தைக் காணவில்லை, வாய் அகன்று 14 நட்டில் கடகடவென்று ஆடியது. கொங்கிறீற் கம்பியோ புதிதுபோல் இருந்தது! நேர் (+) முனையையும் மறை (-) முனையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அப்படி மாறினால், ஓர் அம்பியர் ஒரு மணித்தியாலம் பாயும்போது ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு கரையலாம். நான்கு அம்பியரில் பத்து மணித்தியாலம் விட்டிருந்தேன். கணக்கை நீங்களே பாருங்கள்.

ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். சோடாத் தண்ணீர் ஒரு குவளையில் எடுத்து, ஒவ்வொரு கிளிப்பிலும் ஓர் ஆணியைப் பிடித்து, இரண்டும் முட்டாமல் உள்ளே விடுங்கள். எந்த ஆணியில் குமிழி கூடுதலாகப் பொங்குகிறதோ அதுவே மறை. அங்கே வருவது ஐதரசன். மற்றப் பக்கம் வரும் ஒட்சிசனைப்போல் இரு மடங்கு கன அளவு. மறைக் கிளிப் கறள் பிடித்த சாமானுக்கு, நேர்க் கிளிப் கொங்கிறீற் கம்பிக்கு. மறைக் கிளிப்பில் கறுப்புத் துணி ஒன்றைச் சுற்றிவிட்டேன், இன்னும் அவிழ்க்கவில்லை.

சாமானில் கிளிப் கடிக்கும் இடத்தை மட்டும் அரத்தால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். கறள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பிறகு எந்தக் கம்பியிலும் முட்டாமல் சாமானைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, கடைசியாகத்தான் சார்ஜரைப் போடுங்கள். இரண்டு முதல் நான்கு அம்பியர் போதும். ஐதரசன் தீப்பற்றும் வாயு. மாமரத்தடி நல்ல இடம், மூடிய அறை கூடாது, பக்கத்தில் பீடியும் வேண்டாம். கையை விடுவதற்கு முன்பும் கிளிப்பைக் கழற்றுவதற்கு முன்பும் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

ஓர் இரவில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் ஆகும். சாமான் கறுப்பாக வெளியே வரும். பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், கம்பி பிரஷால் தேய்த்தால் அந்தக் கறுப்பு கழன்றுவிடும். கறள் தின்ற குழிகள் மட்டும் அப்படியே இருக்கும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று போனால், திரும்பி வரும்போது செம்மஞ்சள் படிந்திருக்கும். வாயில் போடும் பாக்கை வெட்டுவதால் இதற்குத் தேங்காய் எண்ணெய்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒரு தம்பி, புதிய சார்ஜரில் ஒரு குமிழிகூட வரவில்லை என்றார். புதிய வகைகள் எதிரில் பற்றரி இருப்பதை உணர்ந்தால்தான் இயங்கும். இடையில் ஒரு பற்றரியைப் பூட்டினால் ஓடும். ஆனால் கிளிப்புகள் முட்டினால் கம்பியே உருகும். எனக்கு அது பிடிக்காது, பழைய சார்ஜர் ஒன்றைத் தேடுங்கள் என்றேன். இன்னொருவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் அலுமினிய மூடியைப் போட்டு அரித்துவிட்டார். இரும்பும் உருக்கும் மட்டுமே இந்த வாளிக்குள் போகலாம். வில்சுருள்களும் பாரம் தாங்கும் கடினமாக்கிய போல்ட்டுகளும் வேண்டாம். ஐதரசன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மையைக் கொடுத்துவிடும்.

பாக்குவெட்டி உடனே அசைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. கம்பியின் எதிரே தெரியும் பக்கத்தைத்தான் மின்சாரம் நன்றாகச் சுத்தம் செய்யும், மூட்டின் உள்ளே போகாது. மூன்று நாள் எண்ணெயில் ஊறவிட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டித்தான் திறந்தேன். அம்மா ஒரு கொட்டைப்பாக்கை வைத்து அழுத்தினார். முதல் வெட்டில் பாக்கு வழுக்கி முற்றத்துக்கு ஓடியது, இரண்டாவதில் பிளந்தது.