தரம் 5 முடிந்ததும் வெளியேறும் பிள்ளைகள்: அயல் பாடசாலை என்ன செய்யலாம்?

திருகோணமலை நகரைச் சுற்றியுள்ள அயல் பாடசாலைகள் பலவற்றில் ஆரம்பப் பிரிவு கலகலப்பாக இருக்கும், தரம் 6 மெலிந்து கிடக்கும். காரணம் கேட்டால் "புலமைப்பரிசில்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மைதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் இரண்டு வினாத்தாள்களுக்கும் மொத்தம் 200 புள்ளி. பிரபல பாடசாலைகளில் தரம் 6இல் சேரத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, பாடசாலைக்குப் பாடசாலை வேறு. அதைத் தாண்டுகிற பிள்ளைகள் சிலரே. தாண்டாத பிள்ளைகளும் ஏன் போகிறார்கள் என்பதைத்தான் அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தேட வேண்டும்.

முதலில் சேர்வு இடாப்பை எடுங்கள். கடைசி மூன்று தரம் 5 அணிகளின் பெயர்களை எழுதி, விடுகைப் பத்திரம் பெற்ற ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள்: வெட்டுப்புள்ளியால் போனவர், வெட்டுப்புள்ளி இல்லாமலே போனவர், குடும்பம் ஊர் மாறியதால் போனவர், அண்ணனோ அக்காவோ படிக்கும் இடத்துக்குப் போனவர். முதல் வகையினரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. உங்கள் வேலை இரண்டாவது, நான்காவது வகையினரோடு. தரம் 3, 4இலேயே வெளியேறியவர்களையும் தனியாகக் குறியுங்கள். பெற்றார் முடிவெடுக்கும் காலம் பெரும்பாலும் அதுதான். பரீட்சை முடிவு வெளிவரும் நாளில் அது ஊருக்குத் தெரியவருகிறது, அவ்வளவே.

அடுத்து, போன குடும்பங்களிடம் கேளுங்கள். வகுப்பாசிரியர் கேட்டால் மரியாதைக்காக மழுப்புவார்கள். சங்கத்தில் உள்ள ஒரு தாய் வீட்டுக்குப் போய்க் கேட்பது நல்லது. "ஏன் போனீர்கள்?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போலிருக்கும். "எப்போது யோசிக்கத் தொடங்கினீர்கள், எதைப் பார்த்து, யாரோடு பேசினீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே ஒழுங்கையிலிருந்து ஒரே ஆட்டோவில் போகும் பிள்ளைகள் ஒன்றாகவே மாறுவது இந்தக் கேள்வியில்தான் வெளிவரும். ஒரு வீடு விலகினால் மற்ற வீடுகளுக்கு ஆட்டோச் செலவு கூடுகிறது. அவர்களும் யோசிக்கத் தொடங்குவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் பாட ஆசிரியர். ஆரம்பப் பிரிவில் ஒரு நல்ல வகுப்பாசிரியர் போதும். தரம் 6இல் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு, புவியியல், இரண்டாம் மொழிச் சிங்களம் என்று பாடத்துக்கு ஒருவர் வேண்டும். விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லையென்றால் அது அயல் முழுக்கத் தெரிந்துவிடும். மாணவர் தொகையை வைத்தே ஆளணி கணிக்கப்படுவதால், பிள்ளைகள் போகப் போக ஆசிரியரும் குறைவார். ஆசிரியர் குறையக் குறைய பிள்ளைகள் போவார்கள். இந்தச் சுழலை உடைப்பதற்கு "ஆசிரியர் தாருங்கள்" என்ற பொதுக் கடிதம் பயன்படாது. நாளுக்கு 8, வாரத்துக்கு 40 பாடவேளை என்றால், தரம் 6 முதல் 9 வரை எந்தப் பாடத்தில் எத்தனை பாடவேளை ஆளில்லாமல் கழிகிறது என்று நேரசூசியிலிருந்து எண்ணி ஓர் அட்டவணை தயாரியுங்கள். அதை வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கையளித்து, திகதி முத்திரையுடன் பிரதி வாங்குங்கள். ஆள் கிடைக்கும்வரை, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாளாவது வந்து போக இணைப்பு ஒழுங்கு கேட்கலாம்.

பெண்பிள்ளைகளின் பெற்றார் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: மலசலகூடம். பத்துப் பதினொரு வயதில் பிள்ளை பெரியவளாகும்போது, பூட்டு வேலை செய்யும் கதவு, தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் பாடசாலையிலேயே கேட்டுவாங்கக்கூடிய அணையாடை ஆகியவை வேண்டும். செலவு சிறியது. வேறு எந்தத் திருத்த வேலைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

பிறகு, தரம் 4 பெற்றாரை அழையுங்கள். தரம் 5 பெற்றாரை அழைப்பது பிந்திய வேலை. அந்த வருடம் முழுக்க அவர்கள் ரியூசனும் மாதிரி வினாத்தாளுமாகவே இருப்பார்கள். திருக்கடலூர் போன்ற மீனவக் குடியிருப்புகளில் காலைக் கூட்டத்துக்கு ஆள் சேர்வது கடினம், மாலையில் வையுங்கள். உரைகளைச் சுருக்கி, அவர்களை நேரே தரம் 6 வகுப்புக்குக் கூட்டிச்சென்று ஒரு விஞ்ஞானப் பாடவேளையைப் பார்க்க விடுங்கள். பாட ஆசிரியர்களின் பெயரும் பாடமும் எழுதிய தாளைக் கொடுங்கள். வெற்றிடம் இருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்த வெற்றிடம் முதலாம் தவணையிலேயே தெரியவரும். அதன்பின் உங்கள் பேச்சை எவரும் நம்பமாட்டார்கள்.

"உங்களிடம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லையே" என்று கட்டாயம் கேட்பார்கள். 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் அது உண்டு. ஆனால் சாதாரண தரப் பெறுபேற்றோடு தரம் 12க்கு வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல பெற்றாருக்குத் தெரியாது. பத்து வயதிலேயே இடம் பிடிக்காவிட்டால் கதவு மூடிவிடும் என்று பயப்படுகிறார்கள். உங்கள் பாடசாலையில் சாதாரண தரம் எடுத்து வேறிடத்தில் உயர்தரம் படிக்கும் அக்காமார், அண்ணாமாரைக் கூட்டத்துக்கு வரச்சொல்லுங்கள்.

உங்கள் பாடசாலை தரம் 5உடன் முடிகிற வகை 3 என்றால் வழி வேறு. அருகிலுள்ள இடைநிலைப் பாடசாலையின் அதிபரோடு பேசி, பிள்ளைகள் தனித்தனியே சிதறாமல் ஒரு அணியாகச் சேர ஒழுங்கு செய்யுங்கள். தரம் 5இன் கடைசித் தவணையில் அங்கே ஒரு நாள் கழிக்க விடுங்கள்.

விடுகைப் பத்திரத்தை இழுத்தடிப்பது, போகிற பிள்ளையை வகுப்பில் குத்திப் பேசுவது இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். அந்த வீட்டுத் தம்பி இன்னும் தரம் 2இல் உங்களிடம்தான் இருக்கிறான்.