மாரிக்கு முன் ஒரு மேசைப் பயிற்சி: வன்னி அனர்த்த அலுவலர்களுக்கு

மேசைப் பயிற்சி என்றால், வெள்ளம் வந்ததாக வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது என்று மேசையைச் சுற்றி இருந்து பேசிப் பார்ப்பது. புரட்டாதி முடியுமுன் இதைச் செய்துவிடுங்கள். கார்த்திகையில் குளங்கள் நிரம்பத் தொடங்கினால் அலுவலர்களை ஒரே மேசையில் இருத்த முடியாது. தேவை மூன்று மணித்தியாலம், ஒரு பெரிய வரைபடம், கொஞ்சம் தாள். 1:50,000 வரைபடத்தில் ஊர் ஒழுங்கைகள் தெரியாது. கிராம அலுவலரைக் கொண்டே மதகு, பாலம், மேட்டுநிலம் எல்லாம் கையால் வரைவியுங்கள்.

ஒரு குளம், ஒரு இரவு என்று களத்தைச் சுருக்குங்கள். கிளிநொச்சி என்றால் இரணைமடுக் குளம். வான்கதவு திறந்தால் தண்ணீர் கனகராயன் ஆற்றால் இறங்கி பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் போகும். 2018 டிசம்பர் வெள்ளத்தை அப்படியே எடுக்காதீர்கள்; 'அண்டைக்கு நாங்கள் இப்படித்தான் செய்தோம்' என்ற பேச்சிலேயே நேரம் போய்விடும். மழையளவையும் நேரத்தையும் மாற்றுங்கள்.

மேசையில் 12 முதல் 15 பேர் போதும்: பிரதேச செயலகத்தின் அனர்த்த உத்தியோகத்தர், கிராம அலுவலர்கள் நால்வர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ், பாடசாலை அதிபர், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம். நடத்துபவர் பதில் சொல்லக்கூடாது. மூத்த அதிகாரியைக் கடைசியாகப் பேச வையுங்கள். அவர் முதலில் வாய் திறந்தால், ஊரை அறிந்த கிராம அலுவலர் மௌனமாகிவிடுவார்.

எட்டுத் தகவல் சீட்டுகள் எழுதி, 12 நிமிடத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். இரவு 11.30: இரண்டு மணித்தியாலத்தில் வான்கதவு திறக்கப்படும். 12.10: ஒரு கிராம அலுவலரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. 1.00: பாடசாலைத் திறப்பு அதிபரிடம், அவர் வீட்டு வீதியில் இடுப்பளவு தண்ணீர். 1.30: மாட்டுப் பட்டியை விட்டு வரமாட்டோம் என்கின்றன சில குடும்பங்கள்.

'மக்களுக்கு அறிவிப்போம்' என்ற பதிலை ஏற்காதீர்கள். யார் அறிவிப்பது? எந்தக் கோவில் ஒலிபெருக்கி? மின்சாரம் போனால்? தொலைபேசியை எடுத்து அங்கேயே அழைக்கச் சொல்லுங்கள். இடமாற்றம் பெற்றுப் போனவரின் இலக்கம் பட்டியலில் இன்னும் கிடப்பது அப்போதுதான் தெரியவரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117 எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர் உழவு இயந்திரக்காரரின் இலக்கம்தான் இருக்காது.

பாடசாலை முகாம் பற்றிய சீட்டுக்கு அதிக நேரம் கொடுங்கள். 180 பேர் வந்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஸ்பியர் என்ற சர்வதேச மனிதாபிமான உதவித் தரப்படி ஆளுக்கு 3.5 சதுர மீற்றர். 20 அடிக்கு 25 அடி வகுப்பறை ஏறத்தாழ 46 சதுர மீற்றர், அதாவது 13 பேர். அப்படியானால் 14 வகுப்பறைகள் வேண்டும். நாளொன்றுக்கு ஆளுக்கு 15 லீற்றர் என்றால் 2,700 லீற்றர் தண்ணீர். முதல் நாட்களில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம் என்றாலும் நான்கு தேவை; ஆண், பெண் பிரித்து, வெளிச்சத்தோடு. இந்தக் கணக்கை அதிபரே கரும்பலகையில் போடட்டும். தன் பாடசாலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அவர் பிறகு மறக்கமாட்டார்.

கடைசிச் சீட்டு வன்னிக்கே உரியது: வெள்ளம் வற்றிய வாய்க்கால் கரையில் துருப்பிடித்த ஒரு பொருள் கிடக்கிறது. போர்க்காலக் கண்ணிவெடிகளை வெள்ளம் இடம் பெயர்க்கும். ஆகவே மாற்றுப்பாதையைத் தெரிவு செய்வதும், துப்புரவுக்கு இளைஞர்களை அனுப்புவதும் இந்தச் சீட்டோடு சேர்த்தே பேசப்பட வேண்டும். தொடக்கூடாது, கிட்டப் போகக்கூடாது, வந்த தடத்திலேயே திரும்பிப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும்.

கடைசி 45 நிமிடம் மீளாய்வு. எது தடைப்பட்டது, ஏன், யார் எந்தத் திகதிக்குள் திருத்துவது என்று மட்டும் எழுதுங்கள். 'ஒருங்கிணைப்பை மேம்படுத்தல்' போன்ற வரிகளை வெட்டிவிடுங்கள். 'பாடசாலையின் இரண்டாவது திறப்பு கிராம அலுவலரிடம், 14 நாளுக்குள்' என்பது போல எழுதினால்தான் வேலை நடக்கும். அடுத்த மாதம் முழுப் பயிற்சி வேண்டாம், தடைப்பட்ட சீட்டுகளை மட்டும் திரும்ப எடுங்கள், முடிந்தால் இரவில்.