தஞ்சை அரண்மனை: சிலைகளின் முதுகையும் பாருங்கள்

தஞ்சாவூருக்கு ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் பெரிய கோயிலுக்குப் போய்விட்டு, வெயில் ஏறியபின் அரண்மனைக்கு வருகிறார்கள். அதற்குள் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்தின் மதிய இடைவேளை நெருங்கிவிடும். சிலைகளை ஓட்டமும் நடையுமாகப் பார்க்க நேரும். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் அரண்மனை, வெயில் தாழ்ந்தபின் கோயில்.

நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் விரிவாக்கிய வளாகம் இது. கலைக்கூடம், மராட்டிய தர்பார், சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு செல்லாது. ஒன்றைப் பார்த்துவிட்டு முழு அரண்மனையும் முடிந்தது என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. நுழையும்போதே எந்தச் சீட்டு எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் சில்லறை இருக்கட்டும்.

நேரத்தில் பாதியைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளுக்கு ஒதுக்குங்கள். 1951-இல் தொடங்கிய கூடம் இது. முதலில் தேட வேண்டியவர் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கையைச் சாய்த்து நிற்கும் சிவன். கி.பி. 1011-ஐச் சேர்ந்தவர், அருகில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டுக்குரியவர். காளை இப்போது இல்லை. ஆனாலும் வலக்கை சாய்ந்திருக்கும் விதத்திலேயே அதன் திமில் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும். தலைப்பாகைபோலச் சுற்றியிருப்பது சடைதான். அதில் நெளியும் பாம்பைக் காண பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள்.

முன்னால் மட்டும் நின்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும். இடம் விடுகிற சிலைகளில் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்: பிடரியில் சிரச்சக்கரம் என்னும் வட்டமான அணி, அதிலிருந்து தோளில் இறங்கும் முடிக்கற்றைகள். பீடத்தில் இருக்கும் துளைகளையும் வளையங்களையும் சேதம் என்று நினைத்துவிடாதீர்கள். வீதியுலாவின்போது கழி செருகிக் கட்டுவதற்காக வைத்தவை.

அதே கூடத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கைகூப்பி நிற்கும் வெண்பளிங்குச் சிலையும் உண்டு. வடித்தவர் ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன்.

சரசுவதி மகாலில் படம் எடுக்க விடமாட்டார்கள். கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஓலைச்சுவடிகளோடு, மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியர் லெ பிரனின் படங்களும் அங்கே இருக்கின்றன. குழந்தைகள் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.