கடல்நீர் வால்வுகளைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, தேக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை இறால் பண்ணை, குஞ்சுப் பொரிப்பகம், உப்பளம், சின்ன ஆர்ஓ நிலையம் என்று எதற்காகவோ கடல்நீர் இழுக்கிறோம். இப்படி ஓடிய குழாயில் கழற்றிப் போட்ட வால்வை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் வேகமாக ஓடிய நடுப்பகுதி பெரும்பாலும் பளபளப்பாகவே இருக்கும். குழி விழுந்திருப்பது கேஸ்கெட்டுக்கு அடியில், ஸ்பிண்டில் (கைப்பிடியோடு திரும்பும் தண்டு) நுழையும் கழுத்தில், போல்ட் தலைக்குக் கீழே. உப்புத்தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் நின்ற சந்துகள் இவைதான். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தில் போய் முடிகின்றன.

காந்தத்தை வைத்து எஸ்எஸ் வாங்குவது

கடைக்குக் காந்தத்தோடு போகிறவர்கள் நிறையப் பேர். ஒட்டாவிட்டால் நல்ல எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) என்று கணக்கு. 304, 316 என்ற இரண்டு தரங்களிலும் காந்தம் ஒட்டாது. மலிவான 202-லும் ஒட்டாது. வார்ப்பில் செய்த 316 வால்வில் லேசாக ஒட்டும், அது குறையல்ல. கடல்நீரைத் தாங்கும் டூப்ளெக்ஸ் வகைகளிலோ காந்தம் சடாரென்று ஒட்டிக்கொள்ளும். ஆக, இந்தச் சோதனை இருப்பதிலேயே நல்ல சரக்கைத்தான் முதலில் தள்ளிவிடுகிறது.

பார்க்க வேண்டியது குழி அரிப்பைத் தாங்கும் எண். குரோமியத்தின் சதவீதம், மாலிப்டினம் சதவீதத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜன் சதவீதத்தின் 16 மடங்கு மூன்றையும் கூட்டினால் அது கிடைக்கும். 304-க்கு ஏறக்குறைய 18, 316-க்கு 24, டூப்ளெக்ஸ் 2205-க்கு 35, சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 40-க்கு மேல். லிட்டருக்கு 19 கிராம் அளவுக்குக் குளோரைடு உள்ள கடல்நீரில் 304-க்கு இடமே இல்லை. 316 பம்ப் ஓடும் நாட்களில் சமாளிக்கும். அறுவடை முடிந்து, குழாயை வடிக்காமல் பத்து நாள் விட்டால் கேஸ்கெட் ஓரத்தில் பழுப்பு நிறக் கண்ணீர் வழியத் தொடங்கும். நிறுத்தும்போது நல்ல தண்ணீர் விட்டு அலசி, முழுக்க வடிப்பதுதான் 316-க்கு ஆயுள்.

55 முதல் 70 பார் வரை போகும் கடல்நீர் ஆர்ஓவின் உயர் அழுத்தப் பக்கத்தில் சூப்பர் டூப்ளெக்ஸ் தவிர வேறு பேச்சு வேண்டாம். மற்றபடி 3, 4 கிலோ அழுத்தத்தில் ஓடும் பண்ணைக் குழாய்க்கு உலோகமே தேவையில்லை, யுபிவிசி வால்வு போதும். பித்தளை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், பார்வைக்கு முழுசாக இருக்கும் ஸ்பிண்டில் ரஸ்க் போல உடையும். கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்தது) தாங்கும், ஆனால் குஞ்சுப் பொரிப்பகத்தில் அதுவும் கூடாது. கரையும் செம்பு கொஞ்சமாக இருந்தாலும் இறால் குஞ்சுகளுக்கு விஷம்.

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே ரப்பர் என்று நினைப்பது

ஈபிடிஎம், நைட்ரைல் இரண்டும் கறுப்பு. கடல்நீரை இரண்டும் தாங்கும், எண்ணெய் விஷயத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். நைட்ரைலுக்கு எண்ணெய் பிரச்சினையில்லை, ஆனால் வெயிலில் கிடந்தால் மேலே மயிரிழை வெடிப்பு விழும். ஈபிடிஎம் வெயிலைத் தாங்கும், எண்ணெய் பட்டால் உப்பிவிடும். "சுலபமாகத் திரும்பட்டும்" என்று படகு இன்ஜினுக்குப் போடும் கிரீஸை பட்டர்பிளை வால்வில் (நடுவில் சுழலும் வட்டத் தகட்டால் மூடும் வகை) தடவுவதால், சில வாரங்களில் ரப்பர் ஊதி வால்வு அசையவே மறுக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும். கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால், பழைய ரப்பரில் ஒரு துண்டு வெட்டி இரவு முழுக்க டீசலில் போடுங்கள். காலையில் பெருத்துக் கிடந்தால் ஈபிடிஎம்.

லேத் பட்டறையில் ஓ-ரிங்குக்குப் பள்ளம் வெட்டச் சொல்லும்போது நடக்கும் தவறு வேறு. ரிங் 3.53 மி.மீ. கனம் என்றால் பள்ளமும் மூன்றரை என்று வெட்டிவிடுவார்கள். நசுங்காத ரிங் கசியும். அசையாத இடத்தில் பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ச் சுவர் வரை 2.8 மி.மீ. இருக்கட்டும்; ரிங் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கும். ஸ்பிண்டில் போல அசையும் இடத்தில் அவ்வளவு நசுக்கினால் ரிங் தேயும், அங்கே 3.05 மி.மீ. சரி. பள்ளத்தின் அகலம் 4.8 மி.மீ.; நசுங்கிய ரப்பர் பக்கவாட்டில் பரவ இடம் வேண்டும். விளிம்பைக் கூராக விடாமல் லேசாக மழுக்கிவிடச் சொல்லுங்கள். புது ரிங் மாட்டும்போதே கிழிவது அந்த விளிம்பில்தான்.

உப்பளக் குழாயில் இன்னொரு தொல்லை உண்டு. போமே அளவில் 25 டிகிரியை நெருங்கிய பாகு (கெட்டியான உப்புநீர்), ஸ்பிண்டில் கழுத்தில் துளி கசிந்து காற்றில் காய்ந்தாலே படிகமாகிவிடும். அடுத்த முறை கைப்பிடியைத் திருகும்போது அந்தப் படிகம் உப்புத்தாள் போல சீலைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போகும். திருகும் முன் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைப்பது சின்ன வேலை. புதிதாக வாங்குவதானால், ஸ்பிண்டிலைப் பாகு தொடாத டயஃப்ரம் வால்வு வாங்குவது இதைவிட உருப்படி.

பட்டர்பிளை வால்வைக் கேட் வால்வு போல மாட்டுவது

உள்ளே ரப்பர் லைனர் உள்ள பட்டர்பிளை வால்வுக்குத் தனியாகக் கேஸ்கெட் கிடையாது, லைனரே கேஸ்கெட். கூடுதலாக ஒன்று வைத்தால் கசிவு நிற்காது, கூடும். தகட்டை முழுக்க மூடி வைத்து போல்ட் முறுக்குவதும் தவறு. லைனர் தகட்டைக் கவ்விக்கொள்ளும். தகட்டைச் சற்றே திறந்து வைத்து, எதிரெதிர் போல்ட்டாக முறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

எச்டிபிஇ குழாயில் இன்னொரு பொறி இருக்கிறது. 160 மி.மீ. எஸ்டிஆர் 11 (வெளிவிட்டம் சுவர் கனத்தைப் போல 11 மடங்கு) குழாயின் சுவர் 14.6 மி.மீ., உள்விட்டம் 131 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதற்கு மாட்டும் 6 அங்குல வால்வின் தகடு திறக்கும்போது வால்வு உடலைத் தாண்டி வெளியே நீளும். அந்த இடத்தில் தகட்டின் அகலம் 139 மி.மீ. அளவுக்கு இருக்கும், அதனால் குழாய்ச் சுவரில் இடித்து நிற்கும். பலத்தைப் போட்டுத் திறந்தால் தகட்டின் பூச்சு போய்விடும். குழாய் முனையை 45 டிகிரியில் சாய்வாகச் செதுக்குங்கள், அல்லது இரு பக்கமும் வளையம் வையுங்கள்.

வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் சேறும் கடற்புல்லும் அதிகம். அங்கே ஸ்பிண்டில் படுக்கைவாட்டில் இருக்கட்டும். தகட்டின் கீழ் விளிம்பு திறக்கும்போதே அடிச் சேற்றைத் தள்ளிவிடும். செங்குத்தாக வைத்தால் கீழ்ப் புஷ்ஷில் மணல் தங்கும். குழாயில் கடல்நீரை நிறுத்தி வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் கொட்டலசு (ஓடுள்ள சின்னக் கடலுயிர்) ஒட்டும். அதற்குப் பிறகு மூடுகிற முதல் தடவையே லைனர் கிழிந்துவிடும்.

குளோரின் கரைசலைப் பால் (பந்து) வால்வுக்குள் அடைப்பது

குழாயும் தொட்டியும் சுத்தம் செய்யும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் சும்மா இருந்தாலே மெல்ல மெல்ல வாயு விடும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். பால் வால்வை மூடினால் பந்தின் துளைக்குள் கொஞ்சம் கரைசல் மாட்டிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத வாயு அழுத்தம் ஏறி, யாரும் தொடாத நேரத்தில் வால்வு வெடிக்கும். முகத்துக்கு நேரே வெடித்தால் கண் போகும். இந்த இடத்துக்கு, வாயு வெளியேறத் தனியாகச் சின்னத் துளை போட்ட பந்துள்ள வால்வு என்று கேட்டு வாங்க வேண்டும். மூடியிருக்கும்போது அந்தச் சின்னத் துளை கரைசல் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வால்வு உடலில் அம்புக்குறி இருக்கும். ஓ-ரிங் இங்கே வைட்டான் ரப்பராக இருக்கட்டும், கெட்டிக் கரைசலில் ஈபிடிஎம் நாளடைவில் கெடும்.

ஒரே இழுப்பில் மூடுவது

300 மீட்டர் பிவிசி குழாயில் தண்ணீர் நொடிக்கு 1.5 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். அழுத்த அலை பிவிசியில் நொடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் போகும். சட்டென்று மூடினால் ஏறும் அழுத்தம் 1025 × 400 × 1.5, அதாவது 6 பார். ஏற்கெனவே 2 பார் இருந்தால் மொத்தம் 8. குழாயோ தாங்குவது 6 கிலோதான் (ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு பார்). அலை போய்த் திரும்ப 1.5 நொடி ஆகும். அதற்குள் மூடுவதெல்லாம் 'சட்டென்று' கணக்கில்தான் சேரும். லீவர் வால்வைக் கையால் மூட ஒரு நொடி போதுமே! 4 அங்குலத்துக்கு மேல் கியர் வைத்த வால்வும், மோட்டார் வால்வானால் மூட 15 நொடிக்கு மேல் எடுப்பதும் வாங்குங்கள்.

ஆக்சுவேட்டரில் கஞ்சத்தனம்

ஆக்சுவேட்டர் என்பது வால்வைத் தானாகத் திருப்பும் கருவி. வால்வுக்காரர் தரும் முறுக்குவிசை எண் புது வால்வுக்கு, சுத்தத் தண்ணீருக்கு. உப்பும் சேறும் படிந்து இரண்டு வாரம் அசையாமல் இருந்த வால்வின் முதல் அசைவுக்கு அது போதாது. குறைந்தது ஒன்றரை மடங்கு எடுங்கள். மின்னழுத்தத்தையும் மறக்கக் கூடாது. குழாய்க் கோடியில் 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் இண்டக்‌ஷன் மோட்டாரின் விசை 61 சதவீதத்துக்கு இறங்கும். காற்றில் இயங்குவதானால், கம்ப்ரசர் அருகே உள்ள 6 பாரை வைத்துக் கணக்குப் போடாமல் வால்வு வரை வந்து சேரும் அழுத்தத்தை வைத்துப் போடுங்கள்.

மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்குப் பைலட் வகை (தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டே திறக்கும்) சோலனாய்டு வால்வு வாங்கி, "திறக்கவே மாட்டேன் என்கிறது" என்று அலுத்துக்கொள்வது வழக்கமான கதை. இந்த வகை திறக்க முன்னும் பின்னும் 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்த வித்தியாசம் வேண்டும். இரண்டு மீட்டர் உயரத் தொட்டி தருவது 0.2 பார். மோட்டார் வைத்த பால் வால்வுதான் அங்கே சரி.

ஆக்சுவேட்டர் பெட்டியில் ஐபி67 (தூசி, நீர் தடுப்புத் தரம்) என்று எழுதியிருந்தால் உள்ளே ஈரமே வராது என்பதும் தப்பு. பகல் வெயிலில் பெட்டிக்குள் காற்று விரியும், இரவில் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். உப்பு ஈரம் கேபிள் கிளாண்ட் வழியாக உள்ளே வந்து டெர்மினலில் துளியாகி நிற்கும். கிளாண்ட் கீழ்நோக்கி இருக்கட்டும், கேபிள் நுழையும் முன் கீழே தொங்கி மேலேறட்டும். உள்ளே சின்ன ஹீட்டர் இருப்பது இந்த ஈரத்துக்காகத்தான். சீசன் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். ஹீட்டருக்குத் தனி லைன் போட்டு அதை எப்போதும் ஓடவிடுங்கள், வாரம் ஒருமுறை வால்வை முழுக்க மூடித் திறங்கள்.